பதினாலாம் எண் செடி

மே மாதத்தின் முதல் வாரம், ஒரு திங்கட்கிழமை காலை. பாறை விளிம்பில் முழங்காலை ஊன்றிக் குனிந்து பார்த்தபோது, பதினாலாம் எண் செடியில் ஒரு மஞ்சள் துணி முடிச்சு தொங்கிக்கொண்டிருந்தது. கடையில் வாங்கிய மஞ்சள் நிறத் துணி அல்ல. வெள்ளைப் பருத்தித் துணியை மஞ்சளில் நனைத்து, உலர்த்தி, நீளவாட்டில் கிழித்தது. தொட்ட விரலில் நிறம் ஒட்டியது. செடியின் மூன்று பூக்களையும் சேர்த்து உள்ளே வைத்துச் சுற்றி, மூன்று முடிச்சுப் போட்டிருந்தார்கள். செடிக்குப் பக்கத்தில் குச்சியில் நான் கட்டிவைத்திருந்த எண் அட்டை திருப்பப்பட்டு, அதன் பின்பக்கத்தில் பேனாவால் ஒரு பிள்ளையார் சுழி. அதற்குக் கீழே மூன்று ஆங்கில எழுத்துகள், பத்து இலக்கங்கள். இது நடந்தது நியூ ஜெர்சியில், பிரிட்ஜ்வாட்டருக்குப் பக்கத்து மலை ஒன்றில், 1998-இல்.

அப்போது நான் அங்கே பிஸ்கட்டவே என்ற ஊரில் தாவரவியல் ஆராய்ச்சி மாணவன். வந்து இரண்டாவது வருடம். அப்பா ஈரோட்டில் ஒரு சாயப்பட்டறையில் நூல் அலசுகிறவர். அம்மாவுக்கும் அங்கேதான் வேலை. பள்ளிக்கூடத்துக்குள் கால் வைத்தவன் எங்கள் வீட்டில் நான்தான் முதல். அதனால் நான் படிப்பது என்ன என்று விளக்குவது எனக்கு எப்போதும் சிரமம். அப்பா போனில், "அங்க என்னப்பா வேல பாக்கற?" என்று கேட்டால், ஒரு பூவுக்குப் பின்னால் அலைந்துகொண்டிருக்கிறேன் என்று சொல்ல வாய் வராது. "லேப்லதாங்கப்பா இருக்கேன்" என்பேன். அக்கம்பக்கத்துத் தமிழர்கள் எல்லோரும் கம்ப்யூட்டர்காரர்கள். இரண்டாயிரமாவது வருடம் பிறக்கும்போது கம்ப்யூட்டர்கள் எல்லாம் குழம்பிவிடும் என்று உலகமே பயந்துகொண்டிருந்ததால் அவர்களுக்கு வேலைக்குக் குறைவில்லை. என்னைப் பார்த்தால், "பூவ ஆராய்ச்சி பண்ணா கிரீன் கார்டு குடுப்பானாப்பா?" என்று அக்கறையாகத்தான் கேட்பார்கள். கேலி இல்லை. எனக்குத்தான் அது கேலியாகக் கேட்கும்.

அந்தப் பூவின் பெயர் கொலம்பைன். மலையில், பாறையில் தானாக வளர்வது. தமிழில் அதற்குப் பெயர் இல்லை, நம் மலைகளில் அது இல்லாததால். இலை கொஞ்சம் பெரிய கொத்தமல்லி இலை போல இருக்கும். ஒல்லியான காம்பின் நுனியில் பூ தலைகீழாகத் தொங்கும். வெளியே சிவப்பு, உள்ளே மஞ்சள். ஒவ்வொரு இதழும் பின்பக்கமாக நீண்டு ஒரு குழலாகி, அந்தக் குழலின் அடி நுனியில் ஒரு சொட்டுத் தேனை வைத்திருக்கும். ஐந்து இதழ், ஐந்து குழல், ஐந்து சொட்டு. அந்தத் தேனை எட்ட நீளமான நாக்கு வேண்டும். அங்கே அதற்கென்றே ஒரு பறவை உண்டு, ஹம்மிங் பறவை. நம் தேன்சிட்டைவிடச் சிறியது. கிளையில் உட்காராமல், பூவுக்குக் கீழே அந்தரத்தில் நின்று இறக்கையடித்தபடியே தேன் குடிக்கும். தெற்கே இருந்து ஆயிரக்கணக்கான மைல் பறந்து அது வந்து சேருகிற வாரமும், இந்தப் பூ மலர்கிற வாரமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும்.

அந்த மலையை மலை என்று நம் ஊர்க்காரர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். இருபது நிமிடத்தில் உச்சிக்குப் போய்விடலாம். ஆனால் அதன் கிழக்குப் பக்கம் செங்குத்தாக வெட்டியதுபோல் கறுத்த பாறை. எரிமலைக் குழம்பு ஆறி இறுகிய பாறை அது; வெடிப்பு வெடிப்பாக இருக்கும். அந்த வெடிப்புகளில் ஒரு கை அளவு மண்கூட இராது. மட்கிய இலையும் பாறைப் பொடியும்தான். மேலே எங்கிருந்தோ கசிகிற தண்ணீர் பாசியை நனைத்துக்கொண்டு இறங்கும். கொலம்பைனுக்கு அந்த இடம்தான் வேண்டும். கீழே சமவெளியில் நல்ல கறுப்பு மண் கிடக்கிறது. அங்கே ஒரு செடிகூடக் கிடையாது. அங்கே புல்லும் புதரும் முந்திக்கொண்டு வளர்ந்து இதை மூடிவிடும். வேறு எதுவும் நிற்க முடியாத இடத்தில் மட்டும் இது நிற்கும். அதுவும் மரங்கள் முழுதாக இலை விடுவதற்கு முன், வெயில் தரை வரை இறங்குகிற அந்தச் சில வாரங்களில் பூத்து முடித்துவிடும்.

என் ஆராய்ச்சிக் கேள்வி எளிமையானது. ஹம்மிங் பறவை வராமல் போனால் இந்தப் பூ காய்க்குமா? அதற்காக நாற்பது செடிகளைத் தேர்ந்தெடுத்து எண் அட்டை கட்டினேன். இருபது செடிகளின் பூக்களுக்குப் பறவையும் வண்டும் நுழைய முடியாதபடி சிறு வலைப்பை போட்டேன். மிச்ச இருபதைத் திறந்தபடி விட்டுவிட்டேன். ஒப்பிட்டுப் பார்க்க அவை வேண்டும், அவற்றை யாரும் தொடக்கூடாது. வலைப்பைக்கான துணியை எடிசனில் ஒரு சேலைக்கடையில் வாங்கினேன். வெள்ளை நெட் துப்பட்டாத் துணி. நானே வெட்டித் தைத்து, சிவப்பு நூலால் வாயைக் கட்டினேன். ஆக, ஒரு மலைப்பாறை, பக்கத்தில் சுனை போலத் தண்ணீர்க் கசிவு, சிவப்புப் பூக்கள், அவற்றில் இருபது சின்னச் சின்ன வெள்ளை முடிச்சுகள், சிவப்பு நூல். இதைப் பார்க்கிற ஒரு கொங்கு நாட்டுப் பெண் என்ன நினைப்பாள் என்று எனக்குத் தோன்றியே இருக்க வேண்டும். தோன்றவில்லை. நான் அதைப் பேராசிரியரின் கண்ணால் பார்க்கப் பழகியிருந்தேன்.

பதினாலாம் எண், திறந்து விட்ட செடிகளில் ஒன்று. துணியை அவிழ்க்க வேண்டும். இடுக்கியை எடுத்தேன், திரும்ப வைத்தேன். அது என்ன முடிச்சு என்று எனக்குத் தெரியும். என் பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு அம்மா இப்படி ஒன்று கட்டியிருக்கிறாள். நாளைக்குப் பார்க்கலாம் என்று இறங்கி வந்துவிட்டேன். அந்த வாரம் முழுதும் தினமும் ஏறி, தினமும் நாளைக்கு என்று இறங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே போய் மேல் பாறையில் உட்கார்ந்திருந்தேன். பத்தரை மணி வாக்கில் ஒரு கணவனும் மனைவியும் மூச்சு வாங்க ஏறி வந்தார்கள். பிரிட்ஜ்வாட்டர் கோயிலிலிருந்து நேராக வருகிறார்கள் என்பது நெற்றியில் தெரிந்தது. அந்த அம்மாவுக்கு முப்பது வயது இருக்கும். பட்டுச் சேலை, அதற்கு மேல் ஸ்வெட்டர், காலில் வெள்ளை ஷூ. அவர் நேராகப் பதினாலாம் எண் செடியிடம் போய்க் குனிந்து முடிச்சைச் சரிபார்த்து, கண்ணை மூடிக் கும்பிட்டார். கண்ணைத் திறந்தபோதுதான் என்னைப் பார்த்தார்.

"தம்பி தமிழுங்களா?"

"ஆமாங்க்கா."

"பாத்தீங்களா?" என்று கணவரிடம் திரும்பினார். "நாஞ் சொன்னனில்ல, நம்ம ஆளுகதான் கட்டீருப்பாங்கன்னு."

"சரி தாயி, நீயே ஜெயிச்ச," என்றார் அவர். என்னைப் பார்த்து, "கோயில்ல ஒரு அப்ளிகேஷன் போட்டாச்சுங்க. இங்கயும் ஒண்ணு. எதுக்கும் டூயல் ஃபைலிங்," என்றார்.

"வாயக் கழுவுங்க மொதல்ல."

அவரை நான் அக்கா என்றே அழைத்தேன், இப்போதும் அப்படித்தான். கரூர்ப் பக்கம். கையிலிருந்த அலுமினியப் பொட்டலத்தைப் பிரித்து, கோயில் புளியோதரையை எனக்கும் ஒரு பங்கு கொடுத்துவிட்டு உட்கார்ந்து பேசினார். போன வாரம் கோயிலுக்கு வந்துவிட்டு, சும்மா மலையேறலாம் என்று வந்தபோதுதான் இந்த இடத்தைப் பார்த்தாராம்.

"எனக்கு ஒடம்பே சிலுத்துப்போச்சுங்க தம்பி. மலையும் சொனையும், செவப்புப் பூவும். நம்மூரா இருந்தா இந்நேரம் வேல் நட்டிருப்பாங்க. யாரோ புண்ணியவான் எத்தன நீட்டா கட்டீருக்காங்க பாருங்க, ஒவ்வொண்ணுக்கும் நம்பர் போட்டு. சரி, இந்த ஊர்ல சாமிக்கும் கேஸ் நம்பர் போட்டாத்தான் புரியுமாட்ட இருக்குதுன்னு, நானும் எங்க வீட்டுக்காரரு விசா அப்ரூவல் நோட்டீஸ் நம்பர எழுதிப்போட்டனுங்க."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் கைப்பையைத் திறந்து ஒரு படத்தை எடுத்து நீட்டினார். மொட்டையடித்த தலையில் சந்தனம் பூசிய ஒரு பெண் குழந்தை. பதினோரு மாதக் குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு வந்திருக்கிறார். கணவர் அப்போது ஒரு கெஸ்ட் ஹவுஸில் ஆறு பேரோடு தங்கிக்கொண்டு, பிராஜெக்ட் கிடைக்குமா கிடைக்காதா என்று இருந்த நேரம். ஆறு மாதத்தில் குழந்தையை அழைத்துக்கொள்ளலாம் என்ற கணக்கு, ஒன்றே முக்கால் வருடமாக இழுத்துக்கொண்டிருந்தது. விசாவுக்குப் போனபோது பிறப்புச் சான்றிதழில் குழந்தையின் பெயரே இல்லை. நம் ஊரில் பலருக்கும் அப்படித்தான், 'பெண் குழந்தை' என்று மட்டும் இருக்கும். பெயரைச் சேர்த்து வாங்கி வரச் சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இப்போது பெயர் சேர்த்தாகிவிட்டது. அடுத்த வாரம் வியாழக்கிழமை சென்னையில் மறுபடியும் நேர்காணல்.

"பாப்பா போன்ல பேச மாட்டேங்கறா தம்பி. அவங்கப்பத்தா ரிசீவர காதுல வெச்சு, அம்மா பேசறா பாருன்னு சொல்லும். மூச்சு மட்டுந்தான் கேக்கும் எனக்கு. போன் கார்டு தீர்ற வரைக்கும் அந்த மூச்சக் கேட்டுட்டு இருப்பனுங்க." புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "நீங்களும் இங்க கட்டீருக்கீங்களா?"

இந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். அரை நிமிட வேலை. நான், "ஆமாங்க்கா," என்றேன்.

"எதுக்குங்க?"

"படிப்பு முடியோணும்னு."

"முடியும் தம்பி. கண்டிப்பா முடியும்," என்றார், தன் கவலையை எல்லாம் ஒரு நொடி மறந்துவிட்டு. பிறகு எழுந்து செடியைத் திரும்பிப் பார்த்தார். "பாப்பா வந்து எறங்குன மறுநாளே வந்து நானே அவுத்தர்றனுங்க. அது வரைக்கும் யாரும் தொடாம இருந்தாப் போதும்."

கோயிலில் அவர் இதைத் தம் தோழிகளிடம் சொல்லியிருக்க வேண்டும். அன்று மாலைக்குள் திறந்த செடிகளில் இன்னும் ஆறில் துணியும் கயிறும் ஏறிவிட்டன. ஒன்றில் கிரீன் கார்டுக்கான தேதி எழுதியிருந்தது. ஒன்றில் இரண்டு கண்ணாடி வளையல். மறுநாள் காலை போய் அந்த ஆறையும் மெதுவாக அவிழ்த்து, பத்தடி தள்ளி நின்ற ஒரு டாக்வுட் மரத்தின் கிளையில் அதே முடிச்சோடு கட்டினேன். அவற்றைக் குப்பையில் போடக் கை வரவில்லை. அக்காவுடையதை மட்டும் தொடவில்லை. ஒரு செடிதானே, நாற்பதில் ஒன்று போனால் போகட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தச் சனிக்கிழமை என் பேராசிரியர் வேலை எப்படி நடக்கிறது என்று பார்க்க வந்தார். ஐம்பது வயது கடந்த அமெரிக்கப் பெண்மணி. அதட்டிப் பேசமாட்டார், ஆனால் ஒரு வாக்கியத்தைக் கேட்டுவிட்டு அடுத்ததற்காகக் காத்திருக்கிற பழக்கம் உண்டு. அந்தக் காத்திருப்பு எனக்கு அதட்டலைவிடப் பயம். டாக்வுட் மரத்தையும் அதில் ஆடிய மஞ்சள் கயிறுகளையும் வளையல்களையும் பார்த்தார். பதினாலாம் எண் செடியைப் பார்த்தார். "இது என்ன?" என்றார்.

எனக்கு முகம் சுட்டது. அவர் ஆய்வகத்தில் இரண்டு வருடமாக நான் என்று காட்ட நான் உருவாக்கிக்கொண்டிருந்த ஆள் ஒருவன் இருந்தான்: புள்ளிவிவரம் பேசுகிறவன், கேள்விக்குக் கேள்வி கேட்கிறவன். அந்த ஆளுக்கும் இந்த மஞ்சள் துணிக்கும் ஏதோ உறவு இருக்கிறது என்று அவர் கண்டுபிடித்துவிடுவார் என்று தோன்றியது. "தெரியவில்லை. கீழே பிக்னிக் வந்த பிள்ளைகள் யாராவது விளையாட்டுக்குக் கட்டியிருப்பார்கள்," என்றேன். அவர் காத்திருந்தார். நான் அடுத்த வாக்கியத்தைச் சொல்லவில்லை. "அப்படியானால் பூங்கா அலுவலகத்தில் சொல்லிவிடுகிறேன்," என்றார்.

செவ்வாய்க்கிழமை பூங்காப் பணியாளர் ஒருவர் கத்தரியும் குப்பைப் பையுமாக வந்திருக்கிறார். வேண்டுதல் எது, ஆராய்ச்சி எது என்று அவருக்கு யார் சொன்னார்கள்? தொங்கியதையெல்லாம் வெட்டிவிட்டார். டாக்வுட் மரம் சுத்தம். என் வலைப்பைகளில் பதினொன்று பூவோடு போய்விட்டன. பதினாலாம் எண் செடியில் துணியோடு சேர்த்துக் காம்பையும் வெட்டியிருந்தார். அடியில் கொத்தமல்லி போன்ற இலைகள் மட்டும் நின்றன. அந்தப் பருவத்தின் வேலை அன்றோடு முடிந்தது. இருபதில் பதினொன்று போன பிறகு ஒப்பிட என்ன இருக்கிறது? ஆனால் புதன்கிழமை அந்தப் பாறையில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு என் வருடம் நினைவில் இல்லை. மறுநாள் வியாழக்கிழமை என்பதுதான் நினைவில் இருந்தது. எனக்கு நம்பிக்கை இல்லை என்று நான் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். அன்று அது எனக்கு உதவவில்லை.

ஞாயிறன்று அக்கா தனியாக மேலே வந்தார். கணவர் கீழே காரிலேயே இருந்துவிட்டார். சாதாரண சுடிதார், தலை வாரவில்லை. நடந்ததை அவர் முகம் எனக்கு முன்பே சொல்லிவிட்டது. புதிதாகப் பெயர் சேர்த்த சான்றிதழில் தேதி போன மாதத்தினுடையதாக இருந்ததால் சந்தேகம் வந்து, பிறந்த ஆஸ்பத்திரியின் பழைய பதிவைக் கொண்டு வரச் சொல்லிவிட்டார்கள். மறுபடியும் தேதி வாங்க வேண்டும். குழந்தையும் மாமியாரும் அன்று ராத்திரி ரயிலிலேயே கரூர் திரும்பிவிட்டார்கள்.

அவர் வெறுமையாக நின்ற செடியைப் பார்த்தார். பக்கத்தில் கீழே விழுந்து கிடந்த எண் அட்டையை எடுத்து, தான் எழுதியதை விரலால் ஒவ்வொரு இலக்கமாகத் தொட்டுப் படித்தார். பிறகு கைப்பையிலிருந்து நான்காக மடித்த ஒரு காகிதத்தை எடுத்து, இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார்.

"நம்பரு சரியாத்தான் எழுதியிருக்கேன்," என்றார், தனக்கே சொல்லிக்கொள்வதுபோல. "ஒருவேள தப்பா எழுதிட்டனோன்னு நாலு நாளா தூக்கமில்லீங்க தம்பி. என்னாலதான் போச்சோன்னு."

அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். வெள்ளை முடிச்சுகள் யாருடைய வேண்டுதலும் இல்லை, என் பரிசோதனை. எண்கள் நான் போட்டவை. அது கோயில் இல்லை, சாமி இல்லை. பேராசிரியரிடம் நான் பொய் சொன்னதால்தான் பூங்காவிலிருந்து ஆள் வந்து வெட்டினார். உங்கள் எண்ணில் தப்பு ஒன்றும் இல்லை.

அவர் அட்டையைத் திருப்பி, நான் எழுதிய பதினாலைப் பார்த்தார். கோபமா, அழுகையா என்று தெரியாமல் நான் நின்றுகொண்டிருந்தேன்.

"அன்னைக்கு நீங்க படிப்புக்குன்னு சொன்னீங்களே?"

"அது பொய் இல்லீங்க்கா. இது முடிஞ்சாத்தான் படிப்பு முடியும்."

"ஒரு வார்த்த சொல்லியிருந்தா," என்றார் மெதுவாக, "நான் அந்தப் பக்கத்து மரத்துல கட்டியிருப்பனே தம்பி. எனக்கென்ன, இந்தச் செடிதான் வேணும்னா கேட்டேன்? உங்க படிப்பக் கெடுத்துட்டு எம் பொண்ணு எனக்கு வரோணுமா?"

அவ்வளவுதான். வேறு திட்டு எதுவும் இல்லை. திட்டியிருந்தால் நான் எளிதாகத் தப்பித்திருப்பேன். இத்தனை நாள் நான் எதற்குப் பயந்தேனோ, அது இவ்வளவு சின்ன விஷயமாக இருந்தது. பத்தடி தள்ளி ஒரு மரம்.

மறுநாள் பேராசிரியரிடமும் சொன்னேன். கேட்டுவிட்டு வழக்கம்போல் காத்திருந்தார். இம்முறை நான் அடுத்த வாக்கியத்தையும் சொன்னேன்: கட்டியவர்கள் என் ஊர்க்காரர்கள், எனக்கு அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. அவர் ஜன்னல் பக்கம் பார்த்தபடி, "அந்தக் குழந்தைக்கு விசா கிடைத்ததா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "நடந்ததை நடந்தபடி களக் குறிப்பேட்டில் எழுது. அடுத்த வருடம் முதலிலிருந்து தொடங்கு," என்றார். என் கல்வி உதவித்தொகையை ஒரு வருடம் நீட்டிக்கச் சொல்லி அவர் எழுதிய கடிதத்தில் காரணம் என்ன போட்டார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அதன் பிறகு அந்தக் கோடை முழுதும் ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா மலைக்கு வந்தார். வேலை செய்ய அனுமதி இல்லாத விசா, கார் ஓட்டத் தெரியாது, வீட்டில் நான்கு சுவர். "சும்மா கூப்புடுங்க தம்பி, எண்ணறதுக்காச்சும் ஆகறேன்," என்றார். கணவர் காரில் ரேடியோ கேட்டுக்கொண்டிருப்பார். மிச்சமிருந்த செடிகளில் காய்களை நாங்கள் எண்ணினோம். தலைகீழாகத் தொங்கிய பூ, சூல்கொண்டதும் காம்பை மெல்ல நிமிர்த்தி வானத்தைப் பார்க்க நிற்கும். ஐந்து விரல்களைக் குவித்தது போன்ற காய். "பூவுல வெக்கப்பட்டுத் தொங்குது, காயானதும் நிமுந்துக்குது பாருங்க. எங்க நங்கையா மாதிரியே, மாசமா இருக்கறப்ப," என்று தன் அண்ணியைச் சொல்லிச் சிரித்தார். ஒரு செடியைப் பால்கனிக்குக் கொண்டுபோகட்டுமா என்று கேட்டார். நல்ல மண்ணில் போட்டால் இரண்டு வருடம்கூடத் தாங்காது என்றேன். "அப்ப இங்கயே இருக்கட்டும், பாவம்," என்று விட்டுவிட்டார். அடுத்த வருடத்துக்கான வலைப்பைகளில் பாதியைத் தைத்தது அவர்தான். என் தையலைவிட நேர்த்தி.

செப்டம்பரில் கணவருக்கு டெக்சாஸில் வேலை மாறியது. புதிதாக வீடுகள் முளைத்துக்கொண்டிருந்த ஃபிரிஸ்கோ பக்கம் போனார்கள். ஆஸ்பத்திரிப் பதிவு எப்படியோ கிடைத்து, மூன்றாவது முறையில் விசா வந்து, குழந்தை எங்கள் பக்கத்து நியூவர்க் விமான நிலையத்தில் இறங்காமல் நேராக டாலஸில் இறங்கினாள். அக்டோபரில் ஒருநாள் அக்கா போன் செய்தார். குரலில் சந்தோஷம் இருந்தது, ஆனால் அதற்குள் வேறு ஏதோவும் இருந்தது.

"வந்துட்டா தம்பி. நல்லா சாப்புடறா. அவங்கப்பாகூட ஒட்டிக்கிட்டா." குழாயை மூடுகிற சத்தம் கேட்டது. "என்னைய மட்டும் ஆன்ட்டின்னு கூப்புடறா. இங்க வர்றவங்களையெல்லாம் ஆன்ட்டின்னு சொல்லச் சொல்லிக் குடுத்துட்டு, அதையே எனக்கும் சொல்றா. திருத்த மனசு வரல. பரவால்லீங்க தம்பி, வந்துட்டாள்ல."

அடுத்த வருடம் மலையில் நான் ஒரு சிறு பலகை நட்டேன், ஆங்கிலத்திலும் தமிழிலும். 'இது ஒரு பரிசோதனை. வேண்டுதல் இடம் அல்ல.' பத்து நாள் கழித்துப் போனபோது செடிகளை ஒருவரும் தொட்டிருக்கவில்லை. பலகையின் காலில் மட்டும் ஒரு மஞ்சள் கயிறு கட்டியிருந்தது. பேராசிரியரிடம் காட்டினேன். அவர் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அன்று மட்டும்தான்.

இந்த வசந்தத்தில், 2001-இல், ஆய்வேட்டை முடித்துக் கொடுத்தேன். பறவை வராவிட்டாலும் அந்தப் பூ தானாகவே ஓரளவு காய்க்கும். ஆனால் பறவை வந்த பூவின் காயில்தான் விதை நிறைய இருக்கும். இவ்வளவையும் சொல்ல எனக்கு மூன்று பருவங்கள் ஆயின. முதல் பருவத்தை ஏன் கணக்கில் சேர்க்கவில்லை என்று விளக்க ஓர் அடிக்குறிப்பு வேண்டியிருந்தது. 'பார்வையாளர்களால் சேதம்' என்று முதலில் எழுதினேன். எழுதியதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு அதை அடித்துவிட்டு, 'தன் குழந்தையின் வருகைக்காக ஒரு தாய் இச்செடியில் வேண்டுதல் முடிச்சுக் கட்டியிருந்தார். ஆய்வாளர் உரிய நேரத்தில் அவரிடம் விளக்கத் தவறியதால் அந்தப் பருவம் கைவிடப்பட்டது' என்று எழுதினேன். தேர்வுக் குழுவில் யாரும் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. பேராசிரியர் அந்த வரிக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு சிறு கோடு போட்டிருந்தார், இருக்கட்டும் என்பதுபோல.

அன்று சாயங்காலம் அப்பாவுக்குப் போன் செய்து, மலையில் பாறையிடுக்கில் வளர்கிற ஒரு சிவப்புப் பூவைப் பற்றித்தான் இத்தனை வருடம் படித்தேன் என்று முதல் முறையாகச் சொன்னேன். "அதுக்கு மணம் உண்டாப்பா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "சரி, பாக்க நல்லா இருந்தாச் சரி," என்றார்.

பிறகு அக்காவின் டெக்சாஸ் எண்ணுக்கு அடித்தேன். அடிக்குறிப்பைப் படித்துக் காட்ட வேண்டும், அப்படி எழுதியது அவருக்குச் சம்மதமா என்று கேட்க வேண்டும். மணி வெகுநேரம் அடித்தது. எடுத்தது ஒரு சிறுமி. ஐந்து வயது முடிந்திருக்கும். "ஹலோ, ஹூ இஸ் திஸ்?" என்றாள். தமிழில்தான் பதில் சொன்னேன்: நியூ ஜெர்சியிலிருந்து மாமா பேசறேன், பூ மாமான்னு சொல்லு. அவளுக்குப் புரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் ஒரு சிரிப்பு வந்தது. "ஓகே, ஹோல்ட் ஆன், ஷீ இஸ் இன் த பேக்யார்ட்." ரிசீவரை மேசைமேல் வைக்கிற சத்தம். ஓடுகிற காலடிச் சத்தம். கதவு ஒன்றைத் தள்ளித் திறக்கிற சத்தம். பிறகு தெருவுக்கே கேட்கும்படி, எந்த யோசனையும் இல்லாமல், கொஞ்சம் எரிச்சலோடுகூட, அவள் கத்தினாள்:

"அம்மா! அம்ம்மா! எத்தன வாட்டி கூப்புடறது? போன்!"